ஏறக்குறைய

குரோனிங்கனில் ஜனவரி. ஐந்து மணிக்கே இருட்டு.
மூன்றாம் மாடிக் கூட்ட அறையில்
ஆறு பேர், ஒரு விண்மீன்,
ஆறிப்போன காபி.

இருக்க வேண்டிய அளவைவிட
நூற்றுக்கு இரண்டேகால் பங்கு
அகச்சிவப்பில் கூடுதல் என்கிறான் யோரித்.
சுற்றிலும் தூசி வளையம்.
தூசி என்றால் என்றோ மோதி உடைந்தவை உண்டு,
உடையாமல் தப்பியவையும் உண்டு.
அவன் குரலைக் கேட்டால்
தப்பியவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டான் போலிருந்தது.

ஹில்ட்யே நிமிரவில்லை.
அளவுத்திருத்தம் அவள் பொறுப்பு, பன்னிரண்டு வருடமாக.
"என் பிழை மூன்று" என்றாள்.

"ஒன்று என்று போடலாமே.
இருநூறு தடவை பார்த்திருக்கிறோம்."

"இருநூறு தடவை பார்த்தால் நடுக்கம் குறையும்.
கோணல் குறையாது."

பிறகு மேசையைப் பார்த்தபடியே பேசினாள்.
தொலைநோக்கியை ஹீலியத்தில் குளிப்பாட்டி வைத்திருக்கிறோம்,
ஆனாலும் அதன் கண்ணாடி கொஞ்சம் ஒளிர்கிறது.
சூரியனைச் சுற்றும் தூசியும் ஒளிர்கிறது;
அந்தத் தூசிக்குள் நின்றுகொண்டுதான்
இன்னொரு வீட்டுத் தூசியை எண்ணுகிறோம்.
படப்புள்ளியின் நடுவில் விண்மீன் விழுந்தால் ஓர் எண்,
ஓரத்தில் விழுந்தால் வேறோர் எண்.
போன மாதம் ஒரு சிவப்பு ராட்சதனைப் பார்த்த உணரி
அரை மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தது,
அந்த நினைப்பும் சேர்ந்துதான்
உன் விண்மீன்.

அத்தனையையும் கழித்துவிட்டேன் என்று வை.
ஒப்பிட வைத்திருக்கிறோமே ஒரு விண்மீன்,
அதன் ஒளி இவ்வளவு என்று யார் சொன்னது?
இன்னொரு விண்மீன்.
அதற்கு?
ஒரு மாதிரிக் கணக்கு, ஆய்வகத்தில் ஒரு கரிய உலை.
அவை இரண்டுக்குமே
இன்னும் முழு ஒப்புதல் இல்லை.

வெப்பக் குழாய் டிக் டிக்கென்றது.
குறிப்பெடுக்கும் நான்
எதை எழுதுவது என்று தெரியாமல் தேதியை எழுதினேன்.

"அப்படியானால் வளையம் இல்லையா?"

"இல்லை என்று எப்போது சொன்னேன்?
ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.
ஐந்தேகாலாகவும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
தெரியாததன் அகலம் மட்டும் தெரியும்."

யோரித் கோப்பையைக் கழுவாமலே போனான்.
கீழே, பனி பிடித்த சைக்கிள் இருக்கையைக்
கையுறையால் தேய்த்துக்கொண்டு
வெகுநேரம் நின்றிருந்தான்.

இரவு இரண்டு மணிக்கு
எல்லோருக்கும் புதிய வரைபடம் அனுப்பியிருந்தான்.
'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைக் காணோம்.
பிழைக் கோட்டை அவள் சொன்ன நீளத்துக்கே போட்டிருந்தான்;
அதன் கீழ்முனை
பூஜ்யத்தைக் கடந்து நின்றது.

ஹில்ட்யேயும் தூங்கவில்லை போல.
இரண்டு ஐந்துக்குப் பதில் வந்தது:

மார்ச்சில் திரும்பக் கேட்போம்.
இந்தத் தடவை புள்ளியின் நடுவிலேயே நிறுத்து,
முந்தின நாள் பிரகாசமான எதையும் பார்க்க விடாதே.
ஹீலியம் ஏப்ரல் வரை தாங்கும்,
முன்னே பின்னே.