இன்றைய விலை

காலை ஆறரைக்கு ஃபோன் வரும்.
தூத்துக்குடியிலிருந்து ஒரு குரல்
ஓர் எண்ணைச் சொல்லும்.
முந்தின நாள் எண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு
கரும்பலகையில் எழுதுவேன்.
பதினோரு வருடமாக இதுதான் வேலை,
மண்டபத்தில், தென்கடல் பக்கம், நண்டு செட்டில்.

காற்று எனக்குத் தெரியும்.
கச்சான் அடித்தால் எந்தக் கரையில் வலை காலி,
வாடை விழுந்தால் எங்கே வரத்து,
களிமண்குண்டுக்காரர் வாய் திறக்குமுன்
தராசு சொல்லிவிடும்.
ஐந்நூற்றிருபது
முந்நூற்று நாற்பதானது எந்தக் காற்றில்?
தராசு பேசவில்லை.

கடல் அன்று கண்ணாடியாகக் கிடந்தது.
நண்டும் நல்ல நண்டு. நீலக்கால், சதைப்பிடிப்பு,
கூடை நைலானைக் கவ்விக்கொண்டு
விட மறுக்கும் கோபம்.

"அமெரிக்காவுல வட்டி ஏறிருச்சாம்" என்றான் வேன்காரன்.
"எங்களுக்கும்தான் நாலு வட்டி" என்றாள் பூமயில்,
கத்தியிலிருந்து கண்ணெடுக்காமல்.
"நாங்க யார் வீட்டு உலைய நிப்பாட்டுனோம்?"

இரவில் நான் கோத்துப் பார்ப்பேன்.
ஏதோ ஓர் ஊர். பனி பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம்.
கார் பாகம் செய்யும் ஆலையில் மூன்றாம் ஷிப்டை நிறுத்துகிறார்கள்,
கார் வாங்க ஆளில்லை என்பதால்,
தவணை ஏறிவிட்டது என்பதால்,
நீளமான மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்
கைதூக்கிவிட்டார்கள் என்பதால்.
அதற்கும் முன்னால் ஓர் 'என்பதால்' இருக்கும்.
அங்கே என் அறிவு தரைதட்டி நிற்கிறது.

ஷிப்ட் போனவன் வெள்ளிக்கிழமை
மனைவியோடு ஹோட்டலுக்கு வருகிறான்.
அவள் அட்டையை விலைப்பக்கமிருந்து படிக்கிறாள்.
கோழி, என்கிறாள்.

அந்த ஒரு சொல்
எங்கள் செட்டுக்கு வந்துசேர நாற்பது நாள் ஆகிறது.

வந்தபோது ஜெனோவாவின் மோதிரம்
கூட்டுறவு வங்கிக்குள் போனது.
ஐஸ் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
முப்பது பெண்கள் பதினெட்டானார்கள்;
பெயர் வாசித்தது நான்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
துடுப்புக்கால் மூட்டில் இருக்கும் முழுத்துண்டு முதல் தரம்.
உடையாமல் எடுத்தால் கூலி, உடைத்தால் பிடித்தம்.
சபுரா பதினாலு வருடமாக எடுக்கிறாள்.
வீட்டுக்குப் போகும்போது
டிபன் பாக்ஸைத் திறந்துகாட்ட வேண்டும்.
பார்ப்பவனும் நான்தான்.

இருநூறுக்கு இறங்கிய வாரம்
கம்பெனி வாங்குவதையே நிறுத்தியது.
படகுகளுக்கு அது தெரியாது; வந்துகொண்டிருந்தன.
கரையில் கூறு கட்டினார்கள், கூறு நூறு.
அன்றிரவு தெரு முழுக்க
மிளகும் பூண்டும் நண்டும் மணத்தது.
சபுராவின் சின்னவன் மூட்டை
ஓட்டோடு சேர்த்து நொறுக்கினான்.
"எடுக்கத் தெரியுதா பாரு" என்று சிரித்தவள்
தானே எடுத்து அவன் வாயில் வைத்தாள்.
உடையாத துண்டு.
வாசலோடு போய்க்கொண்டிருந்த நான்
என்னையறியாமல் தரம் பார்த்தேன்.

தை பாதியில் குரல் சொன்னது: நானூற்றுப் பத்து.
ஏன் என்று கேட்டேன், பதினோரு வருடத்தில் முதல்முறை.
"ஆர்டர் வந்திருக்கு. எழுதுங்க."
யாரோ ஒருத்தி எங்கோ
கோழி வேண்டாம் என்றிருக்கிறாள்.

பன்னிரண்டு பெயர்களையும் திரும்ப வாசித்தேன்.
பதினொரு பேர் வந்தார்கள்.
ஜெனோவா திருப்பூர் பஸ் ஏறி மாதம் ஒன்றாகிறதாம்,
பனியன் கம்பெனிக்கு.
அங்கேயும் அதே நாட்டு ஆர்டர்தான்.

மாலை ஐந்து மணி.
கேட்குமுன்பே
சபுரா டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள்.
மூலையில் ரசம்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.
போகலாம், என்றேன்.