பொருந்தாது

முதற் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது:
கேள்வியின் வாசகத்தை மாற்றக் கூடாது.

சம்மாந்துறை, கண் கிளினிக், புதன்கிழமை.
மின்விசிறி சும்மா சுற்றுகிறது.
காற்று வெளியேதான்,
வட்டை முழுவதையும் வறுத்துக்கொண்டு வரும்
கச்சான்.

உம்முசல்மா, வயது அறுபத்தொன்று.
அரிசி ஆலையில்
அவித்த நெல்லைக் காயப்போட்டுக் கிளறுகிறவர்.
மாதவிடாய் நின்றது எந்த ஆண்டு?
"வெள்ளம் வந்து வட்டையெல்லாம் கடலாப் போச்சே,
அதுக்கு அடுத்த வருசம்."
விரல் விட்டு எண்ணி நான் ஆண்டை எழுதினேன்.

கடந்த ஒரு வாரத்தில்
வெளிச்சத்தில் கண் கூசியதா?
எப்போதும், அநேக நேரம், பாதி நேரம்,
சில நேரம், ஒருபோதும் இல்லை.
"வெயிலுக்குக் கூசாத கண்ணும் இரிக்கா மிஸி?
இல்லண்டு போடுங்க."

மண் விழுந்ததுபோல் உறுத்தியதா?
"மண்ணில்ல, தவிடு.
அது ஆலையில எல்லாருக்கும்தானே.
இல்லண்டு போடுங்க."

இரவில் வாகனம் ஓட்டுகையில்?
கணினியில் வேலை செய்கையில்?
அவர் என்னைப் பார்த்தார்.
நான் 'பொருந்தாது' பெட்டியில் கோடு போட்டேன்.

குளிரூட்டிய அறையில்?
"பேங்குல, காப்பு அடகு வைக்கப் போன அண்டைக்கு.
அண்டைக்கு நான் கண்ணையா பாத்த?"
அதற்கும் கோடு.

கூட்டு. இருபத்தைந்தால் பெருக்கு.
பதில் வந்த கேள்விகளின் தொகையால் வகு.
பொருந்தாதவை கணக்கில் சேரா.
வந்தது எட்டும் சொச்சமும்.
எட்டென்றால் சாதாரணம்,
வீட்டுக்குப் போகலாம்.

போகவிடவில்லை டொக்டர்.
கீழிமையில் ஒரு காகிதத் துண்டைக் கொளுவி
ஐந்து நிமிடம் கண்மூடி இருக்கச் சொன்னார்.
பஸ் டிக்கட்டை விட ஒடுக்கமான காகிதம்.
ஈரம் ஏறியது மூன்று மில்லிமீற்றர்,
பிறகு அசையவில்லை.

எனக்குள் ஒரு கதை தயாராக இருந்தது,
இந்தப் பக்கத்துப் பெண்களைப் பற்றி
எல்லாரும் வைத்திருக்கிற கதை.
படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்:
நிறைய அழுதிருப்பீங்களோ?
அவருக்குச் சிரிப்பு.
"அழுறதுக்குத் தண்ணி இரிக்கி மிஸி.
சும்மா இரிக்கத்தான் இல்ல."

பெட்டிகள் எதிலும் அடங்காத பதில்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
கச்சான் அடிக்கையில், நெல் கிளறுகையில்,
முக்காட்டு நுனியால் கண்ணை
எத்தனை தரம் ஒற்றுவீர்கள்?
"அத ஆரு எண்ணுற? கை தானாப் போகும்" என்றார்,
கை அப்போதும் போனது.
கறுப்புத் துணியின் ஒரு மூலை மட்டும்
வெளிறிப்போய்,
உப்புப் பூத்து.

சொட்டுமருந்துப் போத்தலோடு அவர் போய்விட்டார்.
கோப்பில் இரண்டு இலக்கங்கள்,
எட்டு, மூன்று,
ஒன்றையொன்று நம்பாமல்.
பென்சில் வரியை அழிக்கத்தான் வேண்டும்.
ரப்பரைத் தேடவில்லை.

அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்.
"கடந்த ஒரு வாரத்தில்" என்று தொடங்கியவள்
அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
மடியில் கிடந்த சேலைத் தலைப்பின்
நுனியைத் தேடினேன்.