வெற்று வரி

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் தண்ணீர்க் கட்டணம்,
நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
ஒரு பட்டியலில் வீட்டு எண், மற்றதில் ஆள் பெயர்.
இதை எடு, அதைச் சேர், அடுத்ததுக்குப் போ
என்று ஷெல்லிடம் சொன்னேன்.
தே ஓ ஆறுமுன் வேலை முடிந்தது.

பதினேழாம் வீட்டில் யாருமில்லை.
அதற்கென்று ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன்.
காலியை அது கணக்கில் எடுக்கவில்லை.

காலையில் லிஃப்டில்
ரொஸ்னா கையில் சியூ லிங்கின் பில்.
சியூ லிங் பத்மலோசினி ஆகியிருந்தாள்.
பதினேழின் பூட்டிய கம்பிக்கதவில்
ரொஸ்னாவின் பெயர் செருகியிருந்தது,
பாக்கி சுழியம்.

"நகல் எடுத்து வச்சியா?"
செயலாளர் வேலப்பன் கேட்டுக்கொண்டே படியேறுகிறார்.
எடுக்கவில்லை.

எல்லாரும் ஒரு வீடு தள்ளிக் குடியேறிவிட்டார்கள்.
கடைசி வீடு என்னுடையது.
உறையைப் பிரித்தேன்:
அன்புள்ள,
அதற்கப்புறம் காற்புள்ளி மட்டும்.