பூக்குமுன்

மந்தாரக்குப்பம் தாண்டி
இரண்டாம் சுரங்கத்துக்குப் பின்னால்
பஸ் டிக்கெட்டில் பெயர் இல்லாத மேடு அது.
சக்கரவாளி எந்திரம் வாரிக் கொட்டியதில்
அடிமண் மேலே வந்தது.
மேல்மண் எங்கே போனது என்று
எந்த ஃபைலிலும் இல்லை.

‘மீட்கப்பட்ட நிலம்’ என்று பலகை நட்டோம்.
பலகையின் காலடியில்தான்
முதல் பார்த்தீனியம் முளைத்தது.

என் பதவி களப்பதிவாளர், தற்காலிகம்.
முந்திரிக் கன்றுகளுக்கு நடுவே கயிறு கட்டி
கட்டம் கட்டமாகப் பிரித்து
கட்டத்துக்கு நாலு ஆள் நிறுத்தி
ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை கொடுக்க வேண்டும்.
ஆடி மாதம் வந்த மூட்டையில்
எல்லாமே இடது கைகள்.

பூக்குமுன் பிடுங்கு.
பூத்தபின் பிடுங்கினால் நீயே விதைத்தவன்.
பயிற்சி வகுப்பில் சொன்னது இது மட்டும்
நினைவிருக்கிறது.
சாப்பாடு தக்காளி சாதம்.

மழை பெய்து நாலாம் நாள்
ஈரமண்ணில் வேரோடு வரும்.
வெயில் ஏறினால் தண்டு மட்டும் வரும்,
வேர் உள்ளே இருந்துகொண்டு சிரிக்கும்.
கல் இடுக்கில் இருப்பதற்கு உப்புக் கரைசல்.
கன்றின் மேல் தெறித்தால் என் சம்பளத்தில் பிடித்தம்.

மதியத்துக்குள் எனக்குக் கழுத்து தடித்துவிடும்.
“சாருக்கு மாலை போட்டாச்சு” என்பாள் அஞ்சலாட்சி.
அவளுக்கு முழங்கை வரை தடிப்பு.
அதைச் சொல்லமாட்டாள்.

இந்த மண் யாருடையது என்று
ஒரே ஒருமுறை பேச்சு வந்தது,
டீ வர நேரமான ஒரு நாள்.
“எங்க நூத்திப் பதினாலு பை ரெண்டு
இதுக்கு அம்பதடி கீழ சார்”
என்றாள் கொளஞ்சி,
மாடிவீட்டுக்காரர் கீழ்வீட்டைக் காட்டுவது போல.
டீ வந்தது.
ஆறிப்போயிருந்தது.

ஆறாவது வாரம் சனிக்கிழமை
முப்பத்தொன்றாம் கட்டம்.
தரை சுத்தமாக, சிவப்பாக,
மொட்டையடித்த தலைபோல் கிடந்தது.
மூலையில் மட்டும், கன்றின் மறைவில்,
ஒரு செடி.
இடுப்பளவு.
உச்சியெல்லாம் வெள்ளை மூக்குத்தி.

“இது?”

“அது நாளைக்கி சார்.”

நாளை ஞாயிறு.
அவளுக்கும் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.
கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
வண்டிப் பக்கம் நடந்தாள்.

ஒரு செடிக்குப் பத்தாயிரம் விதை.
தொண்ணூறு சதவீதம் களை ஒழிந்தால்
ஒப்பந்தம் முடிவுறும், பிரிவு ஏழு.
முப்பத்தொன்பது பெண்கள்,
ஒரு டிரைவர்,
ஒரு பதிவாளர்.
இந்தக் கணக்கைப் போட
எனக்குக் கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை.

குனிந்தேன்.
தண்டைப் பிடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.
காற்று வந்து பூவை ஆட்டியது,
சாம்பல் வாசனையோடு, அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து.
நிமிர்ந்து
பதிவேட்டில் எழுதினேன்:
கட்டம் 31. எண்பத்தி நாலு சதவீதம்.
பணி தொடர்கிறது.

திங்களன்று மேலாளர் அறை.
கண்ணாடி போட்ட மேசை, அதன் ஓரத்தில்
தொட்டியில் ஏதோ அழகுச்செடி.
பதிவேட்டைத் திறந்து
ஆறு வாரத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.
“இன்னும் குறையலையேப்பா?”
“மழை சார்.”

பக்கத்தைப் புரட்டியபோது
தையலிடுக்கிலிருந்து
மிளகைப் பொடித்தாற்போல்
கறுப்பாகச் சில மணிகள்
கண்ணாடியில் சிதறின.

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.
நான் அவசரமாய்,
முழங்கையால்,
தொட்டிப் பக்கம் துடைத்துவிட்டேன்.