மா

சுங்கச்சாவடி, ஏழாம் பாதை, இரவு ஷிப்ட்.
வீணாய்ப்போன ரசீதின் முதுகில்
இன்றைக்கு மனப்பாடம் செய்ய ஐந்து சொற்கள்.

பியானோ என்றால் மெதுவாக.
பெட்டியின் பெயர் என்றுதான் இருந்தேன்.
பிள்ளைகள் தூங்கும் ஒற்றை அறையில்
சத்தத்தை ஒன்றில் வைத்து
தவணைக் கீபோர்டை நான் தடவுவதற்கு
இப்படியொரு பெயர் இருப்பது தெரியாமலே
ஆறு மாதம் வாசித்திருக்கிறேன்.

ரல்லென்டாண்டோ
வாய்க்குள் நுழையவில்லை.
பர்கூர்க் கருங்கல் ஏற்றிய லாரி
தூரத்திலேயே மூச்சுவிட்டு
சக்கரம் சக்கரமாகத் தயங்கி
என் ஜன்னலுக்கு வந்தபோது நுழைந்தது.

ஃபெர்மாட்டா
அரைவட்டம், அடியில் ஒரு புள்ளி.
ஃபாஸ்டேக்கில் பணமில்லாத கார்,
இறங்கியபடி நிற்கும் குறுக்குக்கட்டை,
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.
எவ்வளவு நேரம் நிறுத்துவது?
வாசிப்பவர் விருப்பம் என்கிறது புத்தகம்.
அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.
என் விருப்பமாம்.

ரவுண்டானா பக்கம் செல்போன் கடை மாடியில் வகுப்பு.
என்னோடு முதல் கிரேடு எழுதுகிறவள்
ஜெபஷைனி, வயது எட்டு.
"அலெக்ரோ இல்ல ஆன்ட்டி, அல்ல்ல்லெக்ரோ."
அழுத்திச் சொன்னால் சரியாக வருகிறது.
எல்லாச் சொல்லும் உயிரெழுத்தில் போய் முடிகிறது,
எங்கள் வீட்டுத் தெலுங்கு மாதிரி.
கல்யாணத்தில் மட்டும் பார்க்கிற
தூரத்துச் சொந்தம் பேசுவதுபோல்
பாதி புரிகிறது,
புரிந்த பாதி தப்பாக இருக்கிறது.

அல்லெக்ரோ மா நோன் ட்ரொப்போ.
விரைவாக, ஆனால் ரொம்ப வேண்டாம்.
'மா' என்றால் ஆனால்.

கூழ் ஆலைகள் சூழ்ந்த கிருஷ்ணகிரியில்
மா என்றால் வேறென்ன?
மே மாதம் பிறந்தால்
சீருடையில்கூட அதன் வாடைதான்.
வீட்டுக்குள் போனால் அதுவே 'எங்கள்'.
மா இல்லு. மா பில்லலு.
எங்கள் வீடு. எங்கள் பிள்ளைகள்.

ஆனால் என்பதை மட்டும்
இத்தாலிவரை போய்ப் படிக்க வேண்டியதில்லை எனக்கு.
வேலைக்குப் போ, ஆனா.
கீபோர்டு வாங்கிக்கோ, ஆனா.
அந்த ஆனாவுக்குப் பிறகு
யாரும் வாக்கியத்தை முடித்ததில்லை.

தேர்வில் அதையே கேட்டிருந்தார்கள்.
பேனா தானாக எழுதியது:
மா, எங்களுடையது.

மாடிப்படியில் ஜெபஷைனி காத்திருந்தாள்.
"நாலாவதுக்கு என்ன எழுதினீங்க ஆன்ட்டி?"
சொன்னேன்.
சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.
பையைத் துழாவி
தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.