தன்மை ஒருமை

வூப்பர் ஆறு இரண்டாகிப் பிறகு சேருமிடத்தில்
ஒரு தீவுத் துண்டு. அதன்மேல் நீதிமன்றம்.
சன்னலுக்கு வெளியே தொங்குரயில்
தண்டவாளத்தைத் தலையில் சுமந்துகொண்டு போகிறது.

கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
என்றோ கையுயர்த்திச் சத்தியம் செய்தவள் நான்.
அவர் சொன்னார், அவ சொன்னா
என்பதெல்லாம் இந்த வேலையில் இல்லை.
பேசுகிறவர் யாரோ, அவரே நான்.

ஆகவே பத்தேகாலுக்கு நான் தவேந்திரன்:
பதினான்கு மாதமாய் சோபாவில் படுக்கிறேன்.
பத்து இருபதுக்கு நான் சுகந்தமலர்:
பதினான்கு இல்லை, ஒன்பது.
தை மாதம் இவருக்குக் காய்ச்சல்,
நான் ரசம் வைத்துக் கொடுத்தேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார்.
இந்நாட்டில் ஒரே கூரைக்குள்ளேயே பிரிந்திருக்கலாம்,
ஓராண்டு,
மேசையும் கட்டிலும் வேறாயிருந்தால்.
ரசம் மேசையைச் சேர்ந்ததா?

"காய்ச்சல் எண்டா நாய்க்கும் வைச்சுக் குடுப்பன்"
என்கிறா சுகந்தமலர்.
அப்படியே சொன்னேன், நாயையும் விடாமல்.
நீதிபதி எழுதிக்கொண்டார்: மருந்து.

குளிர்பெட்டியில் மேல்தட்டு அவவுக்கு,
கீழ்த்தட்டு அவருக்கு,
கதவிலிருக்கும் பால் சாருஜனுக்கு.
இதையும் கேட்டார்கள். இதையும் சொன்னேன்.

இரும்புப் பட்டறையில் அவர் சேர்த்த
ஓய்வூதியப் புள்ளிகளில் பாதி அவவுக்கு.
அலுவலகங்கள் கூட்டித் துடைத்து அவ சேர்த்ததில்
பாதி அவருக்கு.
அதற்கு இரண்டு நிமிடம் ஆனது.
கணவன் மனைவி இத்தனை ஒற்றுமையாய்த் தலையாட்டி
நான் பார்த்ததில்லை.

பிறகு 'உம்காங்' என்றொரு சொல் வந்தது.
பிரிந்த தகப்பன் பிள்ளையைப் பார்க்கும் உரிமை.
சந்திப்புரிமை என்று என் கொப்பியில் இருக்கிறது.
ஆனால் வாயில் வந்தது போக்குவரத்து.
இரண்டு பேருக்கும் உடனே விளங்கியது.
போக்குவரத்து நின்றுபோன வீடுகள்
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிரியும் கடிதம் எப்போது கிடைத்தது?
"ஐப்பசியில. எனக்கு டொச் வாசிக்க வராது,
அவன்தான் வாசிச்சுச் சொன்னவன்."
அவன் என்றால்?
"மகன்."
வயது?
பதினொன்று.

நீதிபதி பேனையை வைத்துவிட்டார்.
அந்தக் கடிதம் கோப்பில் இருந்தது, நான்கு பந்தி.
அம்மாவுக்கு அவன் சொன்னது மூன்று.
பிள்ளை யாரோடு இருப்பான் என்ற பந்தியை
வாசிக்காமலே மடித்துக் கொடுத்திருக்கிறான்.
அவனிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

போன கிழமை அவனைத் தனியறையில் விசாரித்தார்கள்.
அதற்கு நான் தேவைப்படவில்லை.
அவன் சொன்னதை நீதிபதி இன்று வாசிக்கிறார்:
'வியர்' அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

வியர். அவர்கள் மொழியில் அது ஒரே சொல்.
என் மொழியில் இரண்டு.
நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே.
நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே.
என் இடப்பக்கம் தவேந்திரன், வலப்பக்கம் சுகந்தமலர்,
இரண்டு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

இதில் யார் யார் அடக்கம் என்று கேட்டேன்.
நீதிபதி தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.
"நான் அதைக் கேட்கவில்லை" என்றார்.

எழுவாயை விழுங்கிவிட்டேன்.
"அந்த வீட்டிலேயே இருப்போம்."
வினைமுற்றின் வாலில் எத்தனை பேர் தொங்கினாலும்
தமிழ் கணக்குக் கேட்காது.
குறைத்தேனா என்று தெரியவில்லை.
அவ அழுதா. அவர் தன் கைகளைப் பார்த்தார்.

படிவத்தில் இரண்டேகால் மணித்தியாலம் என எழுதி,
பயணத் தூரம் எழுதி, கையொப்பம் வைத்து வெளியே வந்தேன்.
வாங்கில் சாருஜன், பக்கத்தில்
அவனுக்கென்று நியமித்த சட்டத்தரணி.
என் கழுத்து அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"அன்ரி, இப்பிடிச் சொல்லுறதுக்கு
உங்களுக்குக் காசு தருவினமோ?"

ஓம் என்றேன்.