அரைப்பேர்

கூட்டம் தொடங்கியது மூன்று பத்துக்கு,
போகவந்தலாவையில், எங்கள் கல்லூரி விஞ்ஞானகூடத்தில்.
மழை தகரத்தில் இறங்கியதால்
முதல் கால்மணி நேரம்
யார் என்ன சொன்னார்கள் என்பது
என் அறிக்கையில் இல்லை.

மழை தணிந்ததும் கேட்ட முதல் வாக்கியம்:
"அப்ப அட்டைன்னு வைப்போம் சேர்.
ஒட்டுனா விடமாட்டோம்."
சிரிப்பு என்று எழுதி, அடித்தேன்.

விடயம் இதுதான்.
எங்கள் உதைபந்து அணிக்குப் பெயர் துரைமார்.
யாரோ ஒரு துரை, தொண்ணூறு வருடத்துக்கு முன்,
தோல்பந்து ஒன்றும் கம்பங்கள் நான்கும் தந்து
கூடவே பெயரையும் தந்துவிட்டுக்
கப்பலேறினான்.
சட்டையின் இடது மார்பில் இன்னும்
அவன் தொப்பி. அதன்கீழ்
குறுக்காக ஒரு பிரம்பு.

சந்தனராஜ் அண்ணன்,
எழுபத்தொன்பதாம் ஆண்டின் கோல்காப்பாளர்,
ஹட்டனில் இப்போது இரும்புக்கடை.
சுண்டுவிரல் மடங்காத கையை மேசையில் வைத்தார்.
"கண்டியில அன்னைக்கு அவ்வளவு சனம்.
தொர, புடி! தொர, புடி!ன்னு கத்துது.
எங்கப்பன், தொர ஜீப்பு வந்தா
கானுக்குள்ள எறங்கி நின்னவரு.
என்னைய ஒருத்தன் தொரன்னு கூப்புட்டது
அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல மட்டுந்தான்.
அதையும் புடுங்கப் போறீங்களா?"

சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையை
எல்லாரும் கொஞ்சநேரம் வாசித்தோம்.

பிறகு தர்ஷிகலா எழுந்தாள்.
பெண்கள் அணி, இடதுபக்கத் தடுப்பு.
அவர்களுக்கும் துரைமார்தான்.
துரைசாணிமார் என்று வைக்கலாமே என
போன வருடம் ஒரு சேர் கேட்டது
பழைய அறிக்கையில் இருக்கிறது.

"நேத்து எங்கம்மாவுக்கு ரெண்டு கிலோ கொறைஞ்சுச்சு.
அரைப்பேர் போட்டாங்க.
ராத்திரி இந்தச் சட்டைய அவங்கதான் கழுவுனாங்க.
தொப்பி மேல சோப்புப் போட்டு
தேய்க்கிறாங்க தேய்க்கிறாங்க.
அது கறையில்லம்மா, படம்னு சொன்னேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

வெளியூர்க்காரர் வாசித்தால் விளங்காதே என்று
ஓரத்தில் குறித்தேன்:
பேர் என்றால் ஒருநாள் கூலி.
வேலைக்குப் போனால் பேர் விழும்.
கொழுந்து குறைந்தால் பாதி விழும்.
எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
பொருளாளர் சொன்ன அச்சுக்கூலிக் கணக்கு
என் காதில் விழவில்லை.

மாற்ற வேண்டும்: பதினேழு.
வேண்டாம்: பதினேழு.
சந்தனராஜ் அண்ணனின் மகன் பவித்திரன்
அப்பா பக்கம் திரும்பாமல்
மாற்றத்தான் தூக்கினான்.
தூக்காத கை ஒன்றே ஒன்று.
அதில் பேனா இருந்தது.
அதிபர் என்னைப் பார்த்தார்.
நான் நேரத்தைக் குறித்தேன். ஐந்து ஐந்து.

சனிக்கிழமை நோர்வூட் மைதானத்தில்
தொப்பியின்மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆறு பேர்,
அப்படியே ஐந்து பேர்.
இடைவேளைக்குள் மழை
பிளாஸ்டரை ஊறவைத்து உரித்தது.
"தொர, கழருது தொர!" என்று
தலவாக்கலைக்காரர்கள் ஒரே கூச்சல்.

கோட்டருகே குடையில்லாமல் சந்தனராஜ் அண்ணன்.
கம்பத்து மூலைக்கு வந்த பந்தை நோக்கி
மகன் பாய்ந்தபோது
"தொ" என்று வாய் திறந்தது.
மிச்சம் வரவில்லை.
பந்து விரல்நுனியில் பட்டு உள்ளே போனது.

ஆட்டம் முடிந்து நடுவர்
ஈரத்தாளை என்னிடம் நீட்டினார்.
எண்கள் சரி. மஞ்சள் அட்டை சரி.
முதல் வரி மட்டும் வெறுமை.
நனைந்த தாளில் பேனா வழுக்கியது.
பிறகு நிரப்பித் தருகிறேன் என்றேன்.

"இப்பவே போடு தம்பி,
நான் பஸ்சைப் புடிக்கணும்.
பேர் போடாம
கணக்குல ஏறாது."